வந்த ஊரில் வாய்த்த துணை

சினிமா பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது வழியெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வருவது நம்மவர் வழக்கம். நடிகை உடுத்திய புடவை முதல் பாட்டின் மெட்டு வரையில் எதுவும் நம் வாய்க்குத் தப்புவதில்லை. ஆனால் 2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் ஒரு நாள் மாலை, நாங்கள் ஐந்து பெண்கள் காட்கோபரில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ரயிலேறி, மாதுங்காவில் இறங்கி, வீட்டுப் படியேறும் வரையில் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஐவரும் ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்கள். எங்களுள் மூத்தவரான பெரியம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. இளையவள் அந்த ஆண்டுதான் உத்தியோகத்தில் அமர்ந்தவள். படம் பிடிக்காமல் போனதால் நேர்ந்த மௌனம் அன்று அது. அதன் காரணத்தை இக்கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறோம். முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுவது முறை.

படத்தின் ஆங்கிலப் பெயர் 'ஆல் வீ இமாஜின் அஸ் லைட்'. கேரளத்தில் 'பிரபயாய் நினச்சதெல்லாம்' என்ற மலையாளப் பெயரில் அதைத் திரையிட்டார்கள். ஒளியென்று நினைத்ததெல்லாம் என்பது அதன் பொருள். கதாநாயகியின் பெயரும் பிரபா என்பதால் மலையாளப் பெயருக்கு இன்னொரு நயமும் உண்டு. எழுதி இயக்கியவர் பாயல் கபாடியா என்னும் பெண்மணி. பிரான்ஸ் தேசத்துக் கான் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் திரைப்பட விழாவில், 2024-ஆம் ஆண்டு மே மாதம், இப்படம் 'கிராண்ட் பிரீ' என்னும் இரண்டாம் பெரும் பரிசைப் பெற்றது. அவ்விழாவின் முதன்மைப் போட்டிக்கு இந்தியப் படமொன்று சென்றது முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதுவே முதல் தடவை. அதற்கு முன் 1994-இல் ஷாஜி என். கருணின் 'ஸ்வம்' சென்றிருந்தது.

பரிசு பெற்ற படம் என்பதற்காக நாம் இதை எழுதவில்லை. பரிசு பெற்ற படங்கள் எத்தனையோ வருகின்றன, போகின்றன. பிழைப்பைத் தேடி மும்பைக்கு வந்த பெண்களின் கதை இது. நம் அன்னையரின் கதையும், நம் பெண்களின் கதையும் இதற்குள் இருக்கின்றன. ஆதலால் நம் இல்லங்களில் இதைப் பற்றிச் சிறிது பேசிக்கொள்வது நல்லதென்று தோன்றியது.

மூன்று பெண்கள்

படம் தொடங்கும்போது கதையும் இல்லை, கதாபாத்திரங்களும் இல்லை. இரவு நேரத்து மும்பைதான் இருக்கிறது. காய்கறிச் சந்தை, மூட்டை இறக்குவோர், ரயிலில் களைத்துப்போய் நிற்கும் பெண்கள் இவையெல்லாம் திரையில் நகர, பல பாஷைகளில் பல குரல்கள் கேட்கின்றன. எல்லாம் வேற்றூரிலிருந்து வந்தவர்களின் குரல்கள். இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் இந்த ஊரை வீடென்று சொல்ல அச்சமாக இருக்கிறது என்ற கருத்தில் ஒரு குரல் பேசுகிறது. அதைக் கேட்டவுடனேயே பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் திருமணமாகி இந்த ஊருக்கு வந்து ஐம்பது வருஷங்களுக்கு மேல் ஆகிறது.

கூட்டத்திலிருந்து மெல்லப் பிரிந்து மூன்று பெண்கள் நம் எதிரே வருகிறார்கள். மூவரும் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள். பிரபா கேரளத்திலிருந்து வந்த மூத்த நர்ஸ். கண்டிப்பும் நிதானமும் உள்ளவள். அனு அதே ஆஸ்பத்திரியில் பணிபுரியும் இளம் நர்ஸ். அவளும் மலையாளப் பெண். பிரபாவோடு ஒரே வீட்டில் வாடகையைப் பகிர்ந்துகொண்டு வசிக்கிறாள். கையில் காசு நில்லாது. வாயில் சிரிப்பு நீங்காது. மூன்றாமவள் பார்வதி, ஆஸ்பத்திரியின் சமையற்காரி. கொங்கணக் கரையில் ரத்னகிரிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள், கணவனை இழந்தவள், மூவருள் வயதில் மூத்தவள். கனி குஸ்ருதி, திவ்ய பிரபா, சாயா கதம் ஆகிய மூன்று நடிகையரும் இப்பாத்திரங்களை ஏற்றிருக்கிறார்கள். நடிக்கிறார்கள் என்ற எண்ணமே நமக்கு எழாதபடி நடித்திருக்கிறார்கள் என்று சொல்வது போதும்.

மலையாளம், ஹிந்தி, மராத்தி ஆகிய மூன்று பாஷைகளும் படத்தில் புழங்குகின்றன. மும்பைத் தமிழருக்கு இது ஒரு தனிச் சௌகரியம். ஒன்று காதில் பாதி விளங்கும்; மற்ற இரண்டும் கடைத்தெருவில் நாள்தோறும் பேசிப் பழகியவை. திரையின் அடியில் ஓடும் எழுத்தை நாங்கள் அதிகம் நாடவில்லை.

அரிசி வேகவைக்கும் பாத்திரம்

பிரபாவுக்குத் திருமணம் ஆகியிருக்கிறது. பெரியோர் பார்த்து முடித்த திருமணம். மணம் முடிந்த சில நாட்களிலேயே கணவன் வேலைக்காக ஜெர்மனி சென்றுவிட்டான். முதலில் டெலிபோனில் பேசினான். பிறகு பேச்சு குறைந்தது. இப்போது ஓராண்டுக்கு மேலாக ஒரு தகவலும் இல்லை. இந்நிலையில் ஒரு நாள் தபாலில் ஒரு பெட்டி வருகிறது. பிரித்தால் உள்ளே சிவப்பு நிறத்தில் மின்சார ரைஸ் குக்கர் ஒன்று. கடிதம் இல்லை, அனுப்பியவர் பெயர் இல்லை. ஜெர்மனியில் செய்தது என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது.

அந்தப் பாத்திரத்தைப் பிரபா என்ன செய்கிறாள்? சமைக்கவில்லை. எடுத்து மூலையில் வைத்துவிடுகிறாள். பின் ஓரிரவு, யாரும் காணாத வேளையில், தரையில் அமர்ந்து அதை இரு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். ஒரு வசனம் கிடையாது, அழுகை கிடையாது. வெளிநாட்டிலிருந்து கணவன் அனுப்பிய பொருளை வாங்கி வைத்துக்கொண்டு, கணவனுக்காகக் காத்திருந்த பெண்கள் நம் குடும்பங்களிலும் இருந்திருக்கிறார்கள். வளைகுடா நாடுகளிலிருந்து வந்த டேப் ரெக்கார்டர்களும் கம்பளிகளும் எத்தனை வீடுகளில் இப்படி மௌனமாக வீற்றிருந்தன!

இத்தகைய பிரபாவுக்கு அனுவைக் கண்டால் எப்படி இருக்கும்? அனு ஷியாஸ் என்ற இளைஞனை நேசிக்கிறாள். அவன் முஸ்லிம். ஊரில் அவளுடைய பெற்றோர் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் மற்ற நர்ஸுகள் அவளைப் பற்றிக் காதோடு காதாகப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு பிரபாவின் செவிக்கும் எட்டுகிறது. பிரபா கெட்டவளல்லள். அனுவிடம் வாடகைக்குப் பணம் இல்லாதபோது அவள் பங்கையும் சேர்த்துக் கொடுப்பவள் அவள்தான். ஆயினும் ஒரு நாள் அனுவைப் பார்த்து மிகக் கடுமையான சொல் ஒன்றைச் சொல்லிவிடுகிறாள். தனக்கு மறுக்கப்பட்டது இன்னொருத்திக்குக் கிடைக்கும்போது நாவில் வந்து உட்காரும் கடுமை அது. அதை ஒழுக்கம் என்று நினைத்துக்கொள்வது சுலபம். பிரபாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கல்லெறிந்த இரவு

பார்வதியின் துன்பம் வேறு வகையானது. அவள் கணவன் பஞ்சாலைத் தொழிலாளி. மும்பையின் பஞ்சாலைகளில் 1982-ஆம் ஆண்டு ஜனவரியில் தத்தா சாமந்த்தின் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், அதன் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதும், அந்த நிலங்களில் அடுக்குமாடிகளும் அங்காடிகளும் எழும்பியதும் இந்நகரத்தின் சரித்திரம். பரேல் வட்டாரத்தில் நடப்பவர் இன்றும் பழைய புகைபோக்கிகளைக் காணலாம். பார்வதி வாழ்வது அத்தகைய பழைய 'சால்' ஒன்றில். அதை இடித்துவிட்டு உயரமான கட்டடம் கட்டப் போகிறார் ஒரு பில்டர். இவளை வெளியேறச் சொல்லி ஆட்களை அனுப்புகிறார்.

பிரபா அவளை வக்கீலிடம் அழைத்துச் செல்கிறாள். வக்கீல் கேட்பது ஒரே கேள்விதான்: அத்தாட்சிக் காகிதம் எங்கே? பார்வதியிடம் காகிதம் இல்லை. இருந்த காகிதங்களைப் பற்றிக் கணவன் அவளிடம் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் அந்த வீட்டில் சமைத்தவள், துவைத்தவள், பிள்ளை வளர்த்தவள் அவள். சட்டத்தின் கண்ணுக்கு அவள் அங்கே வாழவே இல்லை.

இங்கே ஒரு காட்சி வருகிறது. பார்வதியும் பிரபாவும் ஒரு சிறிய ஹோட்டலில் உணவருந்திவிட்டு இரவில் நடந்து வருகிறார்கள். வழியில் அந்தப் பில்டரின் பெரிய விளம்பரப் பலகை நிற்கிறது. பார்வதி குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பலகையின்மேல் வீசுகிறாள். கண்டிப்பும் நிதானமும் உள்ள தலைமை நர்ஸான பிரபா திகைத்து நிற்கிறாள். பிறகு அவளும் ஒரு கல்லை எடுக்கிறாள்! இருவரும் சிறுமிகளைப்போலச் சிரித்துக்கொண்டு ஓடுகிறார்கள். கல்லால் பலகைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பார்வதியின் வீடும் மிஞ்சவில்லை. ஆனால் அந்த இரவிலிருந்து பிரபாவிடம் ஏதோ ஒன்று இளகத் தொடங்குகிறது. கோபம் வரவேண்டிய இடத்தில் கோபம் கொள்ளலாம் என்பதை மூத்தவளிடமிருந்து அவள் கற்றுக்கொள்கிறாள். அதைக் கற்றபின்தான், கோபம் கொள்ளத் தேவையில்லாத இடத்தில் அதை விட்டுவிடவும் அவளால் முடிகிறது.

கடலோரத்தில்

வீடிழந்த பார்வதி பிறந்த கிராமத்துக்கே திரும்பிவிட முடிவு செய்கிறாள். அவளுடைய சாமான்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பிரபாவும் அனுவும் உடன் செல்கிறார்கள். அதுவரையில் மழையிலும் மின்விளக்கிலும் நீலமாய்த் தெரிந்த படம், கடலோரத்துச் செம்மண்ணையும் பகலொளியையும் கண்டதும் வேறு முகம் கொள்கிறது. ஒளிப்பதிவாளர் ரணபீர் தாஸ் நமக்கும் சேர்த்து மூச்சுவிட இடங்கொடுக்கிறார். இடையிடையே ஒலிக்கும் பியானோ இசை எமஹாய் செகுவே மரியம் கெப்ரு என்ற எத்தியோப்பியப் பெண் துறவியினுடையது. 1923-இல் பிறந்து, தொண்ணூற்றொன்பது வயது வரை வாழ்ந்து, 2023-இல் மறைந்தவர் அவர். இளையவளும் நடுத்தர வயதினளும் மூத்தவளும் சேர்ந்து வாழும் இந்தக் கதைக்கு ஒரு பெண்ணின் விரல்கள் வாசித்த இசை அமைந்தது பொருத்தமே.

கிராமத்துக்கு ஷியாஸும் ரகசியமாக வந்திருக்கிறான். அவனையும் அனுவையும் பிரபா பார்த்துவிடுகிறாள். முன்பு கடுஞ்சொல் சொன்ன பிரபா இப்போது என்ன செய்வாள் என்று நாம் காத்திருக்கும்போது, கடலில் மூழ்கிய ஒருவனைக் கரைக்குத் தூக்கி வருகிறார்கள். பிரபா தன் தொழிலறிவால் அவனுக்கு உயிர் கொடுக்கிறாள். அந்த ஊர்க் கிழவி ஒருத்தி, அவன்தான் இவளுடைய கணவன் என்று தவறாக எண்ணிக்கொள்கிறாள். அன்றிரவு அந்த அறையில், பிரபாவுக்கும் வராத கணவனுக்கும் இடையே ஓர் உரையாடல் நடக்கிறது. கனவா, நினைவா என்று படம் சொல்வதில்லை. இருண்ட தொழிற்சாலையில் வேலை செய்து, பகல் எது, இரவு எது என்றே தெரியாமல் போனதை அவன் சொல்கிறான். ஒளியை நினைத்துப் பார்க்க முயன்றும் முடியவில்லை என்கிறான். தன்னோடு வரும்படி அழைக்கிறான். பிரபா மறுத்துவிடுகிறாள். இனி அவனைக் காணவே தனக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிடுகிறாள். வெளியே வரும்போது அவள் தோள்கள் லேசாகியிருக்கின்றன.

முடிவில் அவள் செய்வது ஒரு சிறிய காரியம். அனுவிடம், மறைந்து நிற்கும் அந்தப் பையனை அழைத்து வரச் சொல்கிறாள். கடற்கரையில் வண்ண விளக்குகள் தொங்கும் ஒரு சிற்றுண்டிக் கடையில், நட்சத்திரங்களின் கீழே, பார்வதி, பிரபா, அனு, ஷியாஸ் நால்வரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். அறிவுரை இல்லை; ஆசீர்வாதம் என்ற பெயரில் பிரசங்கமும் இல்லை. உட்கார இடம் கொடுத்தாள், அவ்வளவே. படம் முடிந்துவிடுகிறது.

வயதில் மூத்தவர்கள் இளையவர்களுக்குச் செய்யக்கூடியவை இரண்டு. காவல் நிற்கலாம், அல்லது பக்கத்தில் நிற்கலாம். காவல் நிற்பவரை விட்டு ஓடத்தான் தோன்றும். பக்கத்தில் நிற்பவரிடம்தான் துன்பத்தைச் சொல்லத் தோன்றும். பிரபா முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போய்ச் சேர்ந்த கதையாகவே நாங்கள் இந்தப் படத்தைக் கண்டோம்.

அதே 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த 'லாபதா லேடீஸ்' என்ற ஹிந்திப் படத்தைப் பார்த்த அன்பர்களுக்குச் சாயா கதம் புதியவரல்லர். கிரண் ராவ் இயக்கிய அப்படத்தில், ரயிலில் கணவனைத் தவறவிட்ட பூல் என்ற சிறு பெண்ணுக்கு, ஸ்டேஷனில் டீக்கடை நடத்தும் மஞ்சு மாயியாக அவர் வருகிறார். அந்தப் பெண்ணைப் பரிதாபப்பட்டுப் பாதுகாப்பதோடு அவள் நின்றுவிடவில்லை. வேலை கொடுக்கிறாள், செய்த வேலைக்குக் கூலியும் கொடுக்கிறாள். துணை என்பது இப்படியும் இருக்கலாம்.

எங்கள் மாடிப்படி

இனி, நாங்கள் ரயிலில் பேசாமல் வந்த காரணத்துக்கு வருவோம்.

சுமார் எட்டு வருஷங்களுக்கு முன் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஓர் அறையில் மூன்று பெண்கள் வாடகைக்குக் குடியேறினார்கள். அவர்களில் ஒருத்தி தென்காசிப் பக்கத்துப் பெண். தனியார் கம்பெனி ஒன்றில் இரவுப் பணி. விடியற்காலை இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் கம்பெனிக் கார் அவளை வாசலில் இறக்கிவிட்டுப் போகும். கார்க் கதவு சாத்தும் ஓசை கேட்டால் எங்கள் வீடுகளில் விளக்கு எரியும். மறுநாள் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில், நேற்று எத்தனை மணி என்று கணக்குச் சொல்வோம். காரில் வேறு யார் இருந்தார்கள் என்பதும் பேச்சில் சேர்ந்துகொள்ளும்.

அந்தப் பெண் எங்களுக்குக் கெடுதல் ஒன்றும் செய்யவில்லை. பெரியம்மாவுக்கு ஒரு நள்ளிரவில் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தபோது, அப்போதுதான் வேலையிலிருந்து வந்தவள், போன கால் நிற்காமல் திரும்பி, அதே காரை நிறுத்திவைத்து அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றாள். விடியும் வரை உடனிருந்தாள். நாங்கள் நன்றி சொன்னோம். ஒரு டப்பாவில் இனிப்பும் கொடுத்தோம். பிறகு மீண்டும் மணிக்கணக்குப் பார்க்கத் தொடங்கினோம்.

அவளுடைய ஊரில் எங்களுள் ஒருவருக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. பேச்சுவாக்கில் செய்தி ஊருக்குப் போயிற்று. யார் சொன்னார்கள் என்று இப்போது பிரித்தறிவது கடினம்; எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் சொன்னோம். ஒரு மாதத்துக்குள் அவள் தகப்பனார் வந்து இறங்கினார். அடுத்த ரயிலில் அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். பெட்டியோடு படியிறங்கியவள் பெரியம்மாவின் வாசலில் மட்டும் நின்று, "மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்குங்க பாட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நல்லது செய்கிறோம் என்றுதான் அன்று நாங்கள் நினைத்தோம். நம் ஊர்ப் பெண். நாம்தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டோம். பார்த்துக்கொள்வது வேறு, பார்த்துக்கொண்டிருப்பது வேறு என்பது அப்போது தோன்றவில்லை. பிரபாவின் வாயிலிருந்து அந்தக் கடுஞ்சொல் வந்தபோது எங்கள் ஐவருக்கும் ஒரே முகம் நினைவுக்கு வந்திருக்கிறது. அதனால்தான் ரயிலில் யாருக்கும் பேச்சு எழவில்லை.

மறுநாள் எங்கள் கூட்டத்தில் வாதம் எழுந்தது. அனுவின் தாய்தந்தையரை நினைக்க வேண்டாமா, தூரத்தில் இருந்துகொண்டு அவர்கள் படும் கவலை பொய்யா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். படம் அதற்கு விடை சொல்லவில்லை. நாங்களும் சொல்லிவிடப் போவதில்லை. அப்போது எங்கள் இளையவள், "கவலைப்பட்டா என்கிட்ட வந்து கேளுங்க. ஊருக்கு ஏன் போன் போடறீங்க?" என்றாள். அதற்கு மேல் வாதம் நடக்கவில்லை.

காகிதம் என்ற ஒரு காரியம்

உணர்ச்சியோடு நின்றுவிடாமல், பார்வதியின் கதையிலிருந்து நம் இல்லங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய ஓர் எளிய பாடத்தையும் சொல்லிவிடுகிறோம். நம் குடும்பங்களில் வீட்டு ஒப்பந்தம், மின்சார பில், சொசைட்டிப் பத்திரம் யாவும் ஆண்களின் பெயரில், ஆண்களின் பெட்டியில் இருப்பது வழக்கம். அந்தப் பெட்டியின் சாவி எங்கே என்றுகூட அறியாத தாய்மார் பலர். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அதன் கீழ் வரும் குடும்பங்களில் பதினெட்டு வயது நிரம்பிய பெண்களுள் மூத்தவரே ரேஷன் கார்டுக்குக் குடும்பத் தலைவி. சட்டமே மூத்த பெண்ணின் பெயரை முதலில் எழுதச் சொல்லும்போது, மற்றக் காகிதங்களில் மட்டும் அவள் பெயர் இல்லாதிருப்பானேன்?

தாராவியில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள் அங்கே இருக்கிறார்கள். அங்கு மறுகட்டமைப்புக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024-இல் தொடங்கியது. மகாராஷ்டிரத்தில் குடிசைவாசிகளுக்கு இலவச மாற்று வீடு தருவதற்கு, 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருந்ததற்கான அத்தாட்சி முக்கியம். கணவர் மறைந்தபின் அந்தத் தேதிக்குரிய காகிதத்தைத் தேடி அலையும் பெண்கள் சினிமாவில் மட்டும் இல்லை. ஆதலால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பெட்டியைத் திறந்து, தாயும் மகளும் மருமகளும் உட்கார்ந்து, எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அரை நாள் வேலைதான்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இது சிறுவர்களை அழைத்துச் சென்று பார்க்கும் படம் அன்று. காதலர் இருவரின் நெருக்கத்தை ஒளிவின்றிக் காட்டும் காட்சி உண்டு. வயது வந்த பெண்மக்களோடு தாய்மார் பார்க்கலாம். பார்த்தபின் இருவரும் ஒரே அறையில் சிறிது நேரம் இருந்தால் நல்லது. பேச்சு தானாக வரும்.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடி அறையில் இப்போதும் வெளியூர்ப் பெண்கள் இருவர் குடியிருக்கிறார்கள். ஒருத்தி சேலத்துப் பெண். மற்றவள் ஒடிசாவிலிருந்து வந்தவள். இருவரும் எந்நேரம் வருவார்கள் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பெயர்தான் தெரியாமல் இருந்தது. படம் பார்த்த அந்த வாரத்திலேயே பெரியம்மா முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் மாடியேறினார். கையில் ஒரு தூக்கில் ரசம் இருந்தது. திரும்பி வரும்போது தூக்கு காலியாக இருந்தது. இரண்டு பெயர்களையும் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒடியாப் பெண்ணின் பெயர் வாயில் நுழையவில்லை என்று அன்று முழுவதும் சொல்லிச் சொல்லிப் பழகினார்.

உங்கள் கட்டடத்திலும் அப்படி ஓர் அறை இருக்கும். அங்கே யார் இருக்கிறார்கள், எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், உடம்புக்கு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று ஒரு தடவை நேரில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று நம் சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறோம். நம் அன்னையர் இந்த ஊரில் வந்து இறங்கிய நாளில், யாரோ ஒருத்தி வந்து அப்படிக் கேட்டிருப்பாள் அல்லவா?